கிட்டங்கிக்குப் போகும் பையன் யாருடைய ஆள்?

"ஆள் தேவை" என்று ஒரு தாள் இப்போது நம் கரிசல்காட்டு டீக்கடைச் சுவர்களில் அடிக்கடி கண்ணில் படுகிறது. பார்சல் கம்பெனிக்கு ஆள் தேவை, பத்தாவது படித்திருந்தால் போதும், அனுபவம் வேண்டாம், தங்க இடம் உண்டு, சாப்பாடு உண்டு, இன்ன நம்பருக்குப் போன் செய்க. அவ்வளவுதான் அதில் இருக்கும். போனை எடுப்பவர் யார்? கம்பெனி மானேஜரா, கான்ட்ராக்டரா, கான்ட்ராக்டருக்கு ஆள் பிடித்துக் கொடுக்கும் தரகரா? அது மட்டும் எந்தத் தாளிலும் இருப்பதில்லை.

கோவில்பட்டி, கயத்தாறு, எட்டயபுரம், விளாத்திகுளம் பக்கத்துப் பையன்கள் அந்தத் தாளைப் படித்துவிட்டு பஸ் ஏறுகிறார்கள். சென்னைக்கு வெளியே, கோவைக்கு வெளியே, ஓசூரைத் தாண்டி, நெடுஞ்சாலை ஓரத்தில் தகரக் கூரை போட்டு மைதானம்போல் கிடக்கும் கிட்டங்கிகளுக்குப் போய்ச் சேருகிறார்கள். போகட்டும். போகாதே என்று தடுக்க நம்மிடம் என்ன இருக்கிறது கொடுக்க? புரட்டாசியில் விதைத்துவிட்டு வானத்தைப் பார்க்கும் மானாவாரிக் காடு. மழை தப்பினால் விதை போயிற்று. கதிர் முற்றும் நேரத்தில் கொட்டினால் விளைச்சல் போயிற்று. உளுந்தையும் பாசியையும் விட்டு மக்காச்சோளத்துக்கு மாறியவனை 2018-லிருந்து படைப்புழு பிடித்துக்கொண்டது. தீப்பெட்டி ஆபீஸ் என்றால், பதினான்கு வருஷம் ஒரு ரூபாயிலேயே நின்ற பெட்டி 2021 டிசம்பரில்தான் இரண்டு ரூபாய் ஆயிற்று. மலிவு லைட்டர் வந்து வியாபாரத்தைத் தின்றது. 20 ரூபாய்க்குக் குறைந்த லைட்டரை இறக்குமதி செய்யக்கூடாது என்று 2023 ஜூனில்தான் மத்திய சர்க்கார் உத்தரவு போட்டது. இதற்குள் ஒரு தலைமுறைப் பையன்கள் வேறு வழி பார்த்துப் போய்விட்டார்கள்.

ஆகவே, போகிறவனைக் கேலி செய்ய வேண்டாம், பயமுறுத்தவும் வேண்டாம். ஆனால் போகிறவன் எதற்குள் போகிறான் என்று நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். நம் ஊழியர்களில் பலருக்கு அது தெரியாது. மில் வாசல் தெரியும், தீப்பெட்டி ஆபீஸ் வாசல் தெரியும். பார்சல் கிட்டங்கியின் வாசல் எந்தத் திசையில் இருக்கிறது என்றே தெரியாது.

வேலை இதுதான். ராத்திரி லாரிகள் வந்து நிற்கும். பின்கதவைத் திறந்தால் கூரை மட்டும் அட்டைப்பெட்டி, சாக்குப்பை, சுருட்டிய பாய், மிக்சி, சைக்கிள். புதிதாய்ச் சேர்ந்தவனுக்குப் பெரும்பாலும் லாரியின் வயிற்றுக்குள்தான் இடம். உள்ளே காற்று இல்லை. ஒன்றை எடு, பட்டையின் மேல் வை, அடுத்ததை எடு. பட்டை ஓடும். அடுத்தவன் கையில் இருக்கிற ஸ்கேனர் ஒவ்வொரு பெட்டியின் கோட்டுச்சீட்டையும் பார்த்துப் "பீப்" என்னும். அதற்கடுத்தவன் பின்கோடு பார்த்துப் பிரிப்பான். 1972 ஆகஸ்டு 15-ல் தபால் இலாகா கொண்டுவந்த அந்த ஆறு இலக்கம்தான் இங்கே அரிச்சுவடி. 626 என்றால் விருதுநகர்ப் பக்கம், 627 திருநெல்வேலி, 628 தூத்துக்குடி, 629 கன்னியாகுமரி. 628501 என்று வந்தால் அது கோவில்பட்டி. பையனுக்கு ஒரு விநாடி ஊர் ஞாபகம் வரும், பெட்டி போய்விடும். விடிவதற்குள் எல்லாம் பிரிந்து வேறு லாரிகளில் ஏறியாக வேண்டும். காலையில் வீட்டுவாசலில் பார்சல் வந்து நிற்பதைப் பார்த்து நாம் வியக்கிறோமே, அந்த வியப்பு ராத்திரி முழுக்க ஒருவன் முதுகில் ஏறி வந்த வியப்பு.

(ஒரு வேடிக்கை. நம் ஊர்க் கடலைமிட்டாய் 2020-ல் புவிசார் குறியீடு வாங்கியது. அது பார்சலில் தாராளமாகப் போகிறது. நம் ஊர்த் தீப்பெட்டியை எந்த கூரியர்க்காரனும் தொடமாட்டான், தீப்பிடிக்கும் சரக்கு. தீப்பெட்டி ஊர்ப் பையன் தீப்பெட்டியை விலக்கிவைக்கும் பாடத்தைத்தான் அங்கே முதலில் படிக்கிறான்.)

முதல் வாரம் உடம்பு வலிக்கும். அது தொழிலின் வலி; பழகிய சுமைதூக்கிகளைக் கேட்டால் வழி சொல்லுவார்கள். இடுப்பை வளைத்து எடுக்காதே, முழங்காலை மடக்கி எடு. பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொள். சுமையோடு உடம்பை முறுக்காதே, காலைத் திருப்பு. கனமானது கீழே, லேசானது மேலே. தண்ணீர் குடி. நம் கடைவீதியில் சும்மாடு கட்டிச் சுமந்த தலைமுறைக்கு இதெல்லாம் பள்ளிக்கூடம் போகாமலே தெரிந்த சங்கதி. பத்து நாளில் உடம்பு பழகிவிடும். பழகாத வலி ஒன்று வேறே இருக்கிறது. நான் சொல்ல வந்தது அதைத்தான்.

லீவில் ஊருக்கு வரும் பையனிடம் கேட்டுப் பாருங்கள்.

"ஏலே, எந்தக் கம்பெனியில வேலை?"

பெயரைச் சொல்லுவான். சட்டையிலேயே அச்சடித்திருக்கும்.

"சம்பளம் போடுறது அவங்களா?"

"இல்ல மாமா, கான்ட்ராக்டரு."

"கான்ட்ராக்டர் பேரு?"

"தெரியல மாமா. அண்ணாச்சி ஒருத்தர் சேத்துவிட்டாரு. அவரு போன் நம்பர்தான் இருக்கு."

தோழர்களே, சட்டை ஒருவனுடையது, சம்பளம் இன்னொருவனுடையது, சேர்த்துவிட்டவன் மூன்றாமவன். பெட்டி கைதவறி உடைந்தால் பிடித்தம் செய்ய மூன்று பேரும் இருப்பார்கள். பெட்டி பையன் காலில் விழுந்தால்? கம்பெனி, "இவர் எங்கள் ஊழியர் அல்லர்" என்னும். கான்ட்ராக்டர், "நான் ஆள் மட்டும்தான் அனுப்பினேன்" என்பார். அண்ணாச்சி போனை எடுக்கமாட்டார்.

இது புதிய தந்திரமா? நம் பாட்டன்மார் தூத்துக்குடியில் கப்பலேறி இலங்கைத் தோட்டத்துக்குப் போன காலத்தில் கங்காணி இருந்தான். தோட்டம் துரையினுடையது, ஆள் கங்காணியின் ஆள், கடன் தொழிலாளியின் பேரில். கடன் தொகையை எழுதிய "துண்டு" என்ற சீட்டோடு தொழிலாளி தோட்டம் மாறுவான். அந்தத் துண்டு முறையை 1921-ல் சட்டம் போட்டு ஒழித்தார்கள். கங்காணி மட்டும் ஒழியவில்லை. வேட்டியை மாற்றிக்கொண்டு கையில் செல்போனோடு வந்திருக்கிறான்.

ஆகவே, கிட்டங்கிக்குப் போகும் பையன் முதல் நாளே கேட்க வேண்டிய கேள்வி, "எவ்வளவு சம்பளம்?" என்பதல்ல. அதை எல்லாரும் கேட்கிறார்கள். "நான் யாருடைய ஆள்? அதை எழுதிக் கொடுங்கள்" என்பதே முதல் கேள்வி.

எழுதிக் கொடுப்பார்களா என்று சிரிக்கலாம். 2025 நவம்பர் 21-ல் மத்திய சர்க்கார் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளை அமலுக்குக் கொண்டுவந்தது. அவற்றில் நமக்குச் சண்டை போட நிறைய இருக்கிறது. வேலை நிறுத்தத்துக்கு 14 நாள் முன்னறிவிப்பு என்று கயிறு கட்டியிருக்கிறார்கள். 100 பேர் வேலை செய்யும் இடத்துக்கு இருந்த நிலையாணைகளை 300 பேர் என்று உயர்த்தி ஆயிரக்கணக்கான தொழிற்சாலைகளை வெளியே விட்டுவிட்டார்கள். 20 ஒப்பந்தத் தொழிலாளர் என்றிருந்த கணக்கை 50 ஆக்கியிருக்கிறார்கள். அதாவது 49 பேரை வைத்துக்கொள்ளும் கான்ட்ராக்டருக்கு ஆனந்தம். எல்லாம் உண்மை. இந்தச் சட்டங்களை எதிர்க்க வேண்டும் என்பதில் இரண்டு பேச்சு இல்லை. ஆனால் எதிரியின் கிட்டங்கியிலேயே நமக்கு உதவும் ஆயுதம் இரண்டு மூன்று கிடந்தால், அதை எடுக்கமாட்டேன் என்று கையைக் கட்டி நிற்பது வீரமல்ல.

ஒன்று: ஒவ்வொரு தொழிலாளிக்கும் நியமனக் கடிதம் கொடுத்தே ஆக வேண்டும் என்று அந்தச் சட்டமே சொல்கிறது.

இன்னொன்று இன்னும் ருசியானது. ஒரு நிறுவனத்தின் மூல வேலையில் ஒப்பந்தத் தொழிலாளரை வைக்கக்கூடாது என்பது பொது விதி. மூல வேலை ஆகாதவை என்று ஒரு பட்டியல் போட்டிருக்கிறார்கள்: துப்புரவு, காவல், கேன்டீன், தோட்ட வேலை, இப்படி. அந்தப் பட்டியலில் "ஏற்றுதல், இறக்குதல்" என்பதும் இருக்கிறது. சரிதான், பையன் கதை முடிந்தது என்று தோன்றும். பொறுங்கள். அந்தக் காரியத்துக்காகவே ஏற்பட்ட நிறுவனம் என்றால் இந்த விலக்கு இல்லை என்ற பொருளும் அதே இடத்தில் இருக்கிறது. பஞ்சு மில்லுக்கு ஏற்றுவதும் இறக்குவதும் பக்கவேலையாக இருக்கலாம். பார்சல் கம்பெனிக்கு? ஏற்றுவதையும் இறக்குவதையும் பிரிப்பதையும் எடுத்துவிட்டால் அந்தக் கம்பெனியில் மிஞ்சுவது பெயர்ப் பலகைதானே! எந்த வக்கீல் வந்து வாதாடினாலும் பார்சல் கம்பெனியின் உயிர் அந்த லாரிக்குள் நிற்கும் பையனிடத்தில் இருக்கிறது. திடீரென்று வேலை பெருகினால் கான்ட்ராக்டில் வைக்கலாம், வழக்கமாகவே கான்ட்ராக்டில் நடக்கும் வேலை என்றால் வைக்கலாம் என்று சந்துபொந்துகள் விட்டிருக்கிறார்கள். அந்தச் சந்துகளை அடைப்பது எப்படி என்று நம் சங்க வக்கீல்கள் உட்கார்ந்து யோசிக்க வேண்டும். தீபாவளி விற்பனைக்கு ஒரு மாதம் வேலை பெருகலாம். வருஷம் 12 மாதமும் "திடீர்" ஆக முடியுமா?

தமிழ்நாட்டுச் சட்டம் ஒன்றும் நமக்கு இருக்கிறது, 1981-ல் வந்தது. 50 பேருக்குக் குறையாத ஸ்தாபனத்தில் 24 மாத காலத்துக்குள் 480 நாள் தொடர்ந்து வேலை செய்த தொழிலாளியை நிரந்தரமாக்க வேண்டும் என்பது அது. இந்த 480-ஐ நம் பையன்கள் பின்கோடு மாதிரி மனப்பாடம் செய்ய வேண்டும். ஏனென்றால் கான்ட்ராக்டர்கள் மனப்பாடம் செய்து வைத்திருக்கிறார்கள். ஏழெட்டு மாதம் ஆனதும் "கொஞ்ச நாள் ஊருக்குப் போய்விட்டு வா" என்கிறார்களே, கரிசனமா? வேறு கான்ட்ராக்டர் பெயரில் புதுச் சீட்டுப் போடுகிறார்களே, கணக்குப்பிள்ளைக்குக் கைதவறியதா? எண்ணிக்கை தொடரக்கூடாது என்பதுதான் சூட்சுமம். வேலை செய்த ஒவ்வொரு நாளையும் ஒரு நோட்டில் பையன் எழுதி வைக்கட்டும். சம்பளம் பாங்கில் விழுந்த குறிப்பையும் வருகைப் பதிவையும் அழிக்காமல் வைத்திருக்கட்டும். மில்லில் இருந்த நம் மூத்தவர்கள் கூலிச் சீட்டை ட்ரங்குப் பெட்டியில் போட்டு வைத்ததன் அருமை கேஸ் என்று வந்தபோதுதான் தெரிந்தது.

இ.எஸ்.ஐ. பற்றி இரண்டு வார்த்தை. 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குபவனுக்கு என்று 2017-ல் உச்சவரம்பு வைத்தார்கள். தொழிலாளி பங்கு நூற்றுக்கு முக்கால் ரூபாய், முதலாளி பங்கு மூன்றேகால். சம்பளத்திலிருந்து பிடிக்கிறார்களா என்று பார்த்தால் போதாது. பிடித்ததைக் கட்டினார்களா என்று பார்க்க வேண்டும். வேலையில் அடிபட்டால் சேர்ந்த முதல் நாளிலிருந்தே உரிமை உண்டு. இத்தனை மாதம் கட்டியிருக்க வேண்டும் என்ற கணக்கு வேலைக் காயத்துக்குக் கிடையாது. அதைப் பல பையன்கள் அறியாமல், "சேர்ந்து நாலு நாள்தானே ஆச்சு" என்று சொந்தக் காசில் கட்டுப் போட்டுக்கொண்டு ஊருக்கு வந்துவிடுகிறார்கள். கான்ட்ராக்டர் கூலி கொடுக்காமல் ஓடிப்போனால் கம்பெனி கொடுக்க வேண்டும் என்பதும் 1970-ம் வருஷச் சட்டத்திலிருந்தே உள்ள விதி. புதிய தொகுப்பிலும் அது போகவில்லை.

நிற்க. சம்பளமும் சீட்டும் ஒருபுறம். மனிதன் மனிதனாக மதிக்கப்படுவது இன்னொரு புறம். 2024 மே மாதம் அரியானாவில் மானேசர் என்ற இடத்தில் அமேசான் கம்பெனியின் கிட்டங்கியில் நடந்ததைப் பத்திரிகைகளில் படித்திருப்பீர்கள். 24 அடி லாரி ஆறு. அந்த ஆறு லாரிச் சரக்கையும் இறக்கி முடிக்கும் வரை மூத்திரத்துக்குப் போகமாட்டோம், தண்ணீர் குடிக்கப் போகமாட்டோம் என்று தொழிலாளர்களைச் சபதம் எடுக்கச் சொன்னார்கள் என்பது புகார். வடநாட்டு மே மாத வெயில்! தேசிய மனித உரிமை ஆணையம் தானாகவே முன்வந்து நோட்டீஸ் விட்டது. எங்கோ ஓரிடத்தில் நடந்த தனிச் சம்பவம், வருந்துகிறோம் என்று கம்பெனி சமாதானம் சொன்னது. சபதம் என்றால் நாட்டு விடுதலைக்கு எடுத்தார்கள், தீண்டாமையை ஒழிக்க எடுத்தார்கள். சிறுநீரை அடக்கச் சபதம் எடுக்கவைத்த பெருமை இந்த நூற்றாண்டு முதலாளித்துவத்துக்குத்தான்.

அதே கம்பெனியின் சொந்த நாட்டிலும் இதே பாடுதான். நியூயார்க்கில் ஸ்டேட்டன் ஐலண்ட் என்ற இடத்துக் கிட்டங்கியில் 2022-ல் சங்கம் வேண்டுமா வேண்டாமா என்று தொழிலாளர் ஓட்டுப் போட்டார்கள்: வேண்டும் 2,654, வேண்டாம் 2,131. கலிபோர்னியா மாகாணத்தில் 2021-ல் ஒரு சட்டம் போட்டார்கள். மணிக்கு எத்தனை பெட்டி என்று இலக்கு வைத்தால் அதைத் தொழிலாளிக்கு எழுத்தில் கொடு, சாப்பாட்டு நேரத்தையும் கழிப்பறை நேரத்தையும் விழுங்கும் இலக்கு செல்லாது என்று. அதை மீறியதாக 2024-ல் அமேசானுக்கு 59 லட்சம் டாலர் அபராதம் விதித்தார்கள். நம் நாட்டில் டார்கெட் சூப்பர்வைசரின் வாயில் இருக்கிறது; காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. அதை எழுத்தில் கொடு என்று கேட்க ஒரு சட்டம் நமக்கும் வேண்டும்.

யு.பி.எஸ். என்ற அமெரிக்கப் பார்சல் கம்பெனியின் கதை நம் பையன்களுக்கு இன்னும் நெருக்கமானது. 1907-ல் தொடங்கிய கம்பெனி. அங்கேயும் கிட்டங்கியில் புதிதாய்ச் சேருகிறவன் அரைநேரக் கூலி. 1997 ஆகஸ்டில் 1,85,000 பேர் 15 நாள் வேலையை நிறுத்தினார்கள். அரைநேர வேலைகளை முழுநேர வேலையாக்கு என்பதே முழக்கம். ஊர் ஜனங்கள் அவர்கள் பக்கம் நின்றார்கள். 10,000 முழுநேர வேலை ஒப்புக்கொள்ளப்பட்டது. பிறகு 2023-ல் 3,40,000 பேருக்கான ஒப்பந்தம் வந்தபோது, சங்கம் வேலை நிறுத்தத்துக்குத் தயாராகி வாசலில் ஒத்திகை மறியல் நடத்தியது. நிறுத்தம் நடக்கவில்லை; அதற்கு முன்னே கம்பெனி இறங்கி வந்தது. புதிதாய்ச் சேரும் அரைநேரத் தொழிலாளியின் கூலி மணிக்கு 21 டாலர் என்று முடிவாயிற்று. இதைச் சொல்லும்போது மற்றதையும் சொல்ல வேண்டும்: 2025-ல் அதே கம்பெனி சுமார் 20,000 பேரைக் குறைக்கப்போவதாக அறிவித்தது. ஒருமுறை ஜெயித்ததும் வீட்டில் போய்ப் படுக்கலாம் என்ற நிலை எந்த நாட்டிலும் இல்லை.

அமெரிக்கா எங்கே, கரிசல்காடு எங்கே என்பீர்களா? 1908-ல் தூத்துக்குடி கோரல் மில்லில் வேலை நிறுத்தம் நடந்தது. நடத்தியவர் நம் ஒட்டப்பிடாரத்தில் பிறந்த வ.உ.சி.; உடன் நின்றவர் சுப்பிரமணிய சிவா. கேட்டது என்ன? கூலி உயர்வு, வார விடுமுறை. அப்போது சென்னைத் தொழிற்சங்கம்கூடப் பிறக்கவில்லை, அது 1918. சட்டம் எதுவும் துணைக்கு இல்லை. எதிரே வெள்ளைக்கார முதலாளி, வெள்ளைக்கார கலெக்டர். ஒன்பது நாளில் மில் நிர்வாகம் இறங்கி வந்தது. அந்தத் தொழிலாளிகளும் கரிசல் பூமியிலிருந்து வேலை தேடிப் போனவர்கள்தான், புதிய இயந்திரத்துக்கு முன்னே திகைத்து நின்றவர்கள்தான்.

நம்மிடையே ஒரு பேச்சு அடிபடுகிறது. "இந்தக் காலத்துப் பையன்களுக்குச் சங்கம் பிடிக்காது, மூன்று மாதம் ஒரு கம்பெனி, மூன்று மாதம் இன்னொரு கம்பெனி, கையில் போன் இருந்தால் போதும்" என்று. நான் இதை ஒப்பமாட்டேன். மூன்று மாதத்தில் ஓடுகிறவன் சொகுசுக்கு ஓடவில்லை. அதுவும் ஒரு தனிமனித வேலை நிறுத்தம்தான். தனியாகச் செய்வதால் பலன் இல்லை. அவனிடம் போய்ப் பேசியவர் யார்? கிட்டங்கி வாசலில் கொடிக்கம்பம் நட இடமில்லை என்கிறீர்கள். மூன்று ஷிப்ட், ஐந்து கான்ட்ராக்டர், பத்து ஊர்ப் பையன்கள். ஒருவனுக்கு ஒருவன் பெயர் தெரியாது. உண்மை. ஆனால் நம் கடைவீதிச் சுமைப்பணித் தொழிலாளிக்கு எந்தக் கம்பெனி நியமனக் கடிதம் கொடுத்தது? எந்த ஹாஜர்ப் புத்தகம் இருந்தது? பத்துக் கடைக்குப் பத்து முதலாளி. இவர்கள் எல்லாருக்கும் பொதுவான ஆள். அந்த நிலையிலிருந்துதான் சங்கம் கண்டு, வியாபாரிகளை உட்காரவைத்து, இந்தச் சரக்குக்கு இவ்வளவு ஏற்றுக்கூலி, இவ்வளவு இறக்குக்கூலி என்று ஒப்பந்தம் போட்டார்கள். 1982-ல் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டம் தமிழ்நாட்டில் வந்ததும் அப்படிப்பட்டவர்களுக்காகத்தான். சுமை ஒன்றே. அட்டைப்பெட்டியில் கோடு ஒட்டியதால் அது வேறு சாதிச் சுமை ஆகிவிடாது.

2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதா நம் சட்டசபையிலேயே நிறைவேறியதை மறந்திருக்கமாட்டீர்கள். சங்கங்கள் எல்லாம் கொடிநிறம் பார்க்காமல் எழுந்து நின்றன. மே முதல் நாள் அது வாபஸ் என்று முதலமைச்சர் அறிவித்தார். பத்தே நாளில் நடந்த காரியம் அது. 2021-ல் கடைத் தொழிலாளி உட்கார இருக்கை வேண்டும் என்று சட்டம் திருத்தினார்கள்; அந்தச் சட்டத்தில் "கடை" என்ற சொல்லுக்குள் கிட்டங்கியும் அடக்கம். எத்தனை கிட்டங்கியில் இருக்கை இருக்கிறது என்று யாராவது போய்ப் பார்த்தோமா?

கிளைத் தோழர்களுக்கு ஒரு வேலை. உங்கள் ஊரிலிருந்து எந்தெந்தப் பையன் எந்தக் கிட்டங்கிக்குப் போயிருக்கிறான், சேர்த்துவிட்டது யார் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். அதே தரகரின் பெயர் நான்கு ஊரில் வந்தால் அவரைச் சேர்ந்து போய்ப் பார்க்கலாம். அவரும் நம் ஊர்க்காரர்தான், ஊரில் தலைகாட்ட வேண்டியவர்தான். அந்தக் கிட்டங்கி இருக்கும் ஊரின் சங்கத் தோழர்களுக்கு நான்கு பையன்களின் போன் நம்பரைக் கொடுங்கள். தைப்பொங்கலுக்கு எல்லாரும் ஊர் வருவார்கள். அப்போது வீட்டுக்குப் போய்ப் பேசுங்கள், மேடையில் அல்ல. நியமனக் கடிதம் இருக்கிறதா, இ.எஸ்.ஐ. நம்பர் வந்ததா, பி.எப். கணக்கில் யார் பெயரில் பணம் விழுகிறது, போன மாதச் சம்பளம் ஏழாம் தேதிக்குள் வந்ததா என்று ஒவ்வொன்றாகப் போனைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். ஒன்றும் இல்லை என்றால் அங்கேயே, அந்தத் திண்ணையிலேயே, தொழிலாளர் துறைக்கு ஒரு மனு எழுதுங்கள். பையன் திரும்பிப் போகும்போது மனுவின் நகல் அவன் பையில் இருக்கட்டும்.